எட்டாம் நம்பர் சட்டி

வார்ப்பை முதலில் தட்டித்தான் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலை அதுதான். பம்பு பாடி, மோட்டார் மூடி, புல்லி, எது வந்தாலும் சிறு சுத்தியலால் ஒரு தட்டு. முழு இரும்பு கணீரென்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈரி நகரத்தில் என் மகள் இருக்கிறாள். போன வருடம் அங்கே போயிருந்தபோது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு சட்டியை என் கையில் கொடுத்தாள். "ஏனுங்ப்பா, இது நல்லதான்னு தட்டிச் சொல்லுங்க." விரல் முட்டியால் தட்டினேன். கணீர். திருப்பினால் அடியில் இரட்டை வட்டம், நடுவில் சிலுவை, அதற்குள் 'கிரிஸ்வால்ட்' என்ற பெயர், கீழே ஊர்ப் பெயர் ஈரி, பேட்டர்ன் எண் 704. கைப்பிடியில் பெரிதாக 8.

எழுத்துகளைவிட என்னை நிறுத்தியது உட்பக்கம்தான். பச்சை மணல் என்று நாங்கள் சொல்லும் ஈர மணலில் வார்த்த இரும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருந்தே தீரும். இந்தச் சட்டியின் உட்புறமோ அம்மா நாற்பது வருடம் பழக்கிய தோசைக்கல் போல வழுவழுவென்று இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், ஏறக்குறைய 2 கிலோ. அதே அகலத்தில் மகள் கடையில் வாங்கிய புதுச் சட்டி கிட்டத்தட்ட 2.5 கிலோ. புதியதற்குக் கனமும் கூடுதல், சொரசொரப்பும் கூடுதல். தொழில் முன்னேறினால் வார்ப்பு மெலிந்து நயமாக வேண்டும். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. அது ஏன் என்று தேடித்தான் அந்த இரண்டு மாதமும் படித்தேன்.

சீனர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பை உருக்கி வார்த்தவர்கள். ஏழை வீட்டு அடுப்புக்கு வார்ப்பிரும்புப் பாத்திரம் மலிவாக வந்து சேர்ந்த கதையை இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்திலிருந்து சொல்லலாம். ஆபிரகாம் டார்பி அங்கே பித்தளை வேலை செய்துகொண்டிருந்தார். பித்தளைப் பானை விலை அதிகம். இரும்புப் பானையை அப்போது களிமண் அச்சில் வார்த்தார்கள். ஒரு பானை எடுத்ததும் அச்சு உடைந்து போகும், அடுத்ததற்கு மறுபடியும் களிமண் குழைக்க வேண்டும். பித்தளைக்காரர்களைப்போல மணலில், பேட்டர்ன் வைத்து, பெட்டி போட்டு இரும்பை வார்த்தால் என்ன என்று டார்பி முயன்றார். பல தடவை கெட்டது. கடைசியில் கைகூட்டியது ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பையன். விஷயம் வெளியே போகாமலிருக்கச் சாவித் துவாரத்தைக்கூட அடைத்துவிட்டு இருவரும் வேலை செய்தார்கள் என்று சொல்வார்கள். 1707இல் காப்புரிமை கிடைத்தது. எழுதிக் கொடுத்த பெயர் டார்பியுடையது. மணலைப் பதமாக்கிய கை தாமஸுடையது. ஈரம் ஒரு பிடி கூடினால் ஆவி எழும்பி வார்ப்பில் ஊதல் விழும், குறைந்தால் அச்சு உதிரும். உள்ளங்கையில் மணலைப் பிடித்து, உடைத்துப் பார்த்துச் சொல்லும் அந்த அறிவை இன்றும் ஒரு மோல்டர் புத்தகத்தில் கற்பதில்லை.

1709இல் டார்பி கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதில் கோக் வைத்து இரும்பை உருக்கினார். உலக வரலாற்றுப் புத்தகங்கள் அந்த வருடத்தைத்தான் கொண்டாடுகின்றன. அந்தக் கோக் இரும்பு நன்றாக ஓடி மெல்லிய சுவர்களுக்குள் நிறைந்ததால் பானைதான் அங்கே முதல் சரக்காக விற்றது. பாலமும் நீராவி எந்திரமும் பிறகு வந்தவை.

அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் சமைத்தது கணப்புத் தணலில். அதனால் அவர்கள் சட்டிக்கு மூன்று கால், நீண்ட பிடி. பார்க்கச் சிலந்தி மாதிரி இருந்ததால் பெயரே 'ஸ்பைடர்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பு வீட்டுக்குள் வந்ததும் கால்கள் தேவையில்லாமல் போயின. சட்டி தட்டையாகி அடுப்பு வாயின்மேல் உட்கார்ந்தது. கைப்பிடியில் இருக்கும் அந்த 8 அங்குலக் கணக்கு இல்லை, அடுப்பு வாயின் நம்பர். எட்டாம் நம்பர் வாய்க்கு எட்டாம் நம்பர் சட்டி. கால் போய் வெகு காலம் ஆன பிறகும் பெயர் போகவில்லை: பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் எழுதிய சமையல் புத்தகத்தில்கூட சட்டிக்கு ஸ்பைடர் என்ற சொல் நிற்கிறது.

ஈரியில் 1865இல் செல்டன் குடும்பத்தாரும் மாத்யூ கிரிஸ்வால்டும் சேர்ந்து ஒரு வார்ப்படசாலை தொடங்கினார்கள். முதலில் கதவுக் கீல்தான் செய்தார்கள். அதே 1865ஆம் வருடக் கிறிஸ்துமஸ் நாளில் சிகாகோவில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பெரிய மாட்டுச் சந்தை திறந்தது. இரண்டுக்கும் அன்று தொடர்பில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வருடத்தில் தொடர்பு வந்துவிட்டது. கஸ்டேவஸ் ஸ்விஃப்ட் என்ற கறி வியாபாரி, ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளரை வைத்துப் பனிக்கட்டிப் பெட்டி பொருத்திய ரயில் வண்டி செய்தார். உயிர்மாட்டை ஏற்றி அனுப்பியபோது பாதி எடை தோலும் எலும்பும் குடலும். வழியில் தீவனம், தண்ணீர், சாவு. சிகாகோவிலேயே அறுத்துக் குளிரில் அனுப்பியதும் கிழக்குக் கரை நகரங்களில் மாட்டுக்கறி விலை இறங்கியது. பண்ணையார் மேசையில் இருந்த துண்டு தொழிலாளி வீட்டு அடுப்புக்கு வந்தது. அடுப்பின்மேல் சட்டி ஏற்கெனவே காத்திருந்தது.

அந்த மெல்லிய சட்டியை எப்படி வார்த்தார்கள் என்பதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், தொழில்காரன் அதைத் தாண்டிப் போக முடியாது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் சுவருக்குள் இரும்பு ஓடுவது லேசில்லை. 1300 டிகிரிக்கு மேல் ஊற்றினாலும் குளிர்ந்த மணலைத் தொட்ட கணத்தில் உறையத் தொடங்கும். பாதி வழியில் உறைந்தால் சட்டியில் ஓட்டை. வேகமாக உறைந்தால் ஓரம் வெள்ளை இரும்பாகி விடும். அதை நாங்கள் 'சில் அடிச்சிருச்சு' என்போம், கண்ணாடி மாதிரி உடையும், கல் வைத்துத் தேய்ப்பதும் கஷ்டம். அதைத் தடுக்கச் சிலிக்கான் வேண்டும். ஓட்டத்துக்குப் பாஸ்பரஸ் கொஞ்சம் கூட வேண்டும். ஆனால் அளவு மீறினால் நொறுங்கும். பேட்டர்னை ஒட்டிப் போடும் மணல் நுண்ணியதாகச் சலித்திருக்க வேண்டும், கரித்தூள் கலந்திருக்க வேண்டும். பழைய சட்டிகளில் அடிப்பக்க நடுவில் ஒரு நீளத் தழும்பு இருக்கும், இரும்பை அங்கே ஊற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக்குள் ஊற்றுவாய் ஓரத்துக்கு நகர்ந்து, அடி சுத்தமானது. ஒரு தழும்பை நகர்த்துவதற்குள் எத்தனை பெட்டி கெட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வார்த்து ஆறிய பிறகுதான் அந்த வழுவழுப்பு. சுழலும் கல்லில் உட்புறத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள், பிறகு மெருகு. அந்த வேலைக்கு எங்கள் பக்கம் ஃபெட்லிங் என்று பெயர். அந்தத் தூசி என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எங்கள் ஷெட்டில் கிரைண்டிங் வீலில் நின்ற ஒருவர் ஐம்பது வயதில் இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மணல் தூசி நுரையீரலைக் கல்லாக்கும் நோய் அது. அவருக்கு யாரும் முகமூடி கொடுக்கவில்லை. கிரிஸ்வால்ட் சட்டியின் வழுவழுப்பைத் தடவும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. ஈரியிலும் அப்படிச் சிலர் நின்றிருப்பார்கள்.

ஈரியில் முதல் ஞாயிறு மகள் அந்தச் சட்டியில் ஸ்டேக் செய்தாள். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டுக் கரைய வேகவைப்பது. ஒன்றரை அங்குலத் தடிமனில் ஒரே துண்டாக, உப்பு மட்டும் போட்டு, நடுவில் சிவப்பு நிற்கச் சமைப்பதை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறியின் மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். சட்டி லேசாகப் புகையும் வரை காய்ந்தது. கறியைப் போட்டதும் எழுந்த ஓசை வேறெந்தப் பாத்திரத்திலும் வராது.

காரணம் எளிய கணக்கு. 2 கிலோ இரும்பு 250 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 92 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கும். அது கொதிநிலையில் இருக்கும் 40 கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதும். அரைக்கிலோ அலுமினியச் சட்டியிடம் அதில் பாதிதான் உண்டு. கறியின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. நீர் போன பிறகுதான், 140 டிகிரிக்கு மேல், அந்தப் பழுப்பும் மணமும் வேகமாகப் பிறக்கும். 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் லூயி கமில் மயாரின் பெயரே அதற்கு. கறியை முதலில் வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று யூஸ்டஸ் வான் லீபிக் 1847இல் சொன்னதை இன்றும் பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. சாறு எப்படியும் கசியும். நாம் வறுப்பது அந்தப் பழுப்புக்காக. சட்டி வழுவழுப்பாக இருந்தால் கறி முழுதும் இரும்பைத் தொடுகிறது, பழுப்பு ஒரே சீராக ஏறுகிறது. மகளின் புதுச் சட்டியில் அடுத்த வாரம் அதே கறியைச் செய்தபோது பழுப்பு புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கறியை இறக்கி ஓய்வாக வைத்த பிறகு பச்சிலை வெண்ணெய். பார்ஸ்லியைப் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைத்தாள். பிரெஞ்சுச் சமையலறையிலிருந்து வந்த பழைய முறை அது. ஃபேனி ஃபார்மர் புத்தகத்திலும் உண்டு, அளவுகளோடு. அதைக் கறியின்மேல் வைத்தாள், சட்டியில் போடவில்லை. "புளிப்புப் பட்டா பழக்குனது போயிருமுங்ப்பா" என்றாள். அவள் பாட்டி இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைக்க விடமாட்டார்கள். எண்ணெய் மெல்லிசாகப் பூசிச் சூடாக்கி, அது இரும்போடு இறுகிப் படலமாகும்படி பழக்குவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நமக்கு ஒரு பெயர், வேலை ஒன்றே. சூட்டில் உருகிய வெண்ணெய் கறிச்சாற்றோடு கலந்து, பார்ஸ்லியின் பசுமை வாசம் எழுந்தபோது, காரமே இல்லாத அந்தச் சாப்பாட்டை நான் மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஈரியில் 1957இல் கிரிஸ்வால்ட் ஆலை மூடப்பட்டது. அதற்குள் வீடுகளில் அலுமினியமும் எவர்சில்வரும் நிறைந்திருந்தன. 1956இல் பிரான்சில் டெஃப்லான் பூசிய சட்டி விற்பனைக்கு வந்தது, சில வருடத்தில் அமெரிக்காவுக்கும் போனது. மெல்லியதாக வார்த்து, கையால் தேய்த்து, அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? ஒஹையோவின் சிட்னி நகரத்தில் 1891இல் தொடங்கிய வாக்னர் நிறுவனத்தையும் 1952இல் அந்தக் குடும்பம் விற்றுவிட்டது. தாக்குப்பிடித்தது டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க் ஊரில் ஜோசப் லாட்ஜ் 1896இல் தொடங்கிய ஆலை. 1910இல் எரிந்து, அதே ஊரில் மறுபடி எழுந்தது. 1930களின் மந்தத்தில் சட்டி விற்காதபோது தோட்டத்துப் பொம்மைகளை வார்த்து ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள். பிறகு தானியங்கி மோல்டிங்குக்கு மாறினார்கள். டென்மார்க்கில் 1962இல் வந்த டிசாமேட்டிக் எந்திரம் மணிக்கு 240 அச்சு அடித்தது. ஒரு மோல்டர் நாள் முழுக்கச் செய்வதைவிட அதிகம். எந்திரம் அழுத்தும் மணலுக்கு ஏற்றபடி சுவர் தடித்தது. தேய்க்கும் வேலை நின்றது. 2002இல் ஆலையிலேயே எண்ணெய் பழக்கி விற்கத் தொடங்கினார்கள், சொரசொரப்பான பரப்பு அந்தப் படலத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சட்டி மலிவாக நின்றதற்கும் இன்று வரை அமெரிக்காவில் வார்க்கப்படுவதற்கும் இந்த மாற்றமே காரணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தூசியில் ஒருவர் நிற்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது மேற்கு 12ஆம் தெருவில், பழைய தொழிற்சாலைகள் இருந்த வரிசையில் ஒரு நாள் நடந்தேன். வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் 60, 120, 220 நம்பர் உப்புத்தாளும் ஒரு நல்ல முகமூடியும் வாங்கினேன். மகளின் புதுச் சட்டியைக் கராஜில் பழைய துணிமேல் கவிழாமல் முட்டுக்கொடுத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தேன். முதல் நாள் முடிவில் மேடுகளின் தலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் தோள்பட்டை தூக்க முடியவில்லை. சுவரும் அடியும் சேரும் வளைவில் உப்புத்தாள் போகவே இல்லை, அங்கே கட்டைவிரலை வைத்துத்தான் தேய்க்க வேண்டியிருந்தது. எட்டாம் நம்பர் சட்டியை எடுத்து அதே வளைவைத் தடவினேன். என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னத் தட்டை இருந்தது. கல்லை யாரோ அங்கே ஒரு நொடி அதிகம் அழுத்தியிருக்கிறார்.

மூன்றாம் நாள் மதியம் நிறுத்தினேன். பாதி வழுவழுப்புதான் வந்திருந்தது. கழுவி, துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காய்ச்சி, எண்ணெய் ஒரு துளி தொட்டுப் பழக்கத் தொடங்கினேன். "எத்தனை தடவைங்ப்பா?" என்று மகள் கேட்டாள். "ஆறு தடவையாவது போடணும், கண்ணு" என்று சொல்லி, இரண்டாவது பூச்சுக்குத் துணியைத் தேடினேன்.