கல்விக்கூடமும் பெண் காப்பும் — ஒரு வரலாற்று நோக்கு

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நமது நயினாதீவே என்பது அறிஞர் பலர் கொள்கை. அதன் பொருத்தத்தை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. மணிமேகலை அத்தீவிற்கு ஏன் கொண்டுவரப்பட்டாள் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. உவவனத்தில் மலர் கொய்யச் சென்ற அவளைச் சோழ மன்னன் மகன் உதயகுமரன் தொடர்ந்தான். அவள் பளிக்கறையுட் புகுந்து தன்னைக் காத்துக்கொண்டாள். அன்றிரவு மணிமேகலா தெய்வம் துயிலும் அவளை எடுத்துச் சென்று, கடலுக்கப்பால் மணிபல்லவத்தில் வைத்தது. அவள் மீண்டு வந்து அறம் புரிந்த காலத்தும் இளவரசன் விட்டானல்லன். ஈற்றில் அவன் காஞ்சனன் வாளுக்கு இரையாக, அரசன் ஆணையாற் காவலில் வைக்கப்பட்டவள் மணிமேகலை. அரசமாதேவியின் கொடுமைக்கு ஆளானவளும் அவளே. தொடர்ந்தவன் பிழைக்காகத் தொடரப்பட்டவள் ஊர் பெயர்ந்தாள், சிறையும் புகுந்தாள்.

பெண்ணுக்குத் தீங்கு வருமெனின் பெண்ணையே அகற்றிவிடுதல் என்னும் இவ்வழக்கம் காப்பியத்தோடு ஒழிந்ததன்று. கல்விக்கூடங்களில் நிகழும் பாலியல் தொல்லையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இஃது இனிது விளங்கும். விரும்பாத ஒருவரிடத்துச் சொல்லாலோ, செயலாலோ, தொலைபேசிச் செய்தியாலோ இச்சையைக் காட்டி இடர் செய்தலும், புள்ளியையும் பதவியையும் காட்டி இணங்க வற்புறுத்துதலும் பாலியல் தொல்லை எனப்படும்.

யாழ்ப்பாணத்திற் பெண்கல்வி மதிலுக்குள்ளே தொடங்கியது. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலையை நிறுவினர். 1913இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திற் சைவப் பெண்பிள்ளைகட்கென ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தார். மதிலும் விடுதியுமே அக்காலத்துக் காப்பு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும், 1974இல் யாழ்ப்பாண வளாகமும் தோன்றியபின், ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்து கற்கும் நிலை வேரூன்றியது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பிறந்த பெண்பிள்ளை, குறிகாட்டுவானில் வள்ளத்தை விட்டிறங்கி, தனியே அறையெடுத்தோ விடுதியிற் றங்கியோ பட்டம் பெறும் காலம் வந்தது. மதில் நீங்கிய இடத்தில் நெறிமுறை அமைந்திருத்தல் வேண்டும். அஃது உடனே அமையவில்லை.

1975ஆம் ஆண்டில் உலகின் இரு மூலைகளில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை ஒப்பிடலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த கார்மிற்றா வுட் என்னும் பெண்மணி, பேராசிரியர் ஒருவரின் தகாத நடத்தையைப் பொறாது முன்னரே வேலையைத் துறந்திருந்தார். அவருக்கு வேலையிழந்தோர்க்குரிய உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. அவர்பொருட்டுக் கூடிய மகளிரே அத்தீங்கிற்குப் ‘பாலியல் தொல்லை’ எனப் பெயரிட்டு ஊரறியப் பேசினர். அவ்வாண்டிலேயே பேராதனையில், விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி, பகிடிவதை என்னும் பெயராற் சிரேட்ட மாணவியர் செய்யவிருந்த பாலியற் கொடுமைக்கு அஞ்சி, விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்து முடமானார். பெண்கல்விக்கு உழைத்த இராமநாதனின் பெயர் தாங்கிய விடுதி அது. ஒருவர் வேலையை இழந்தார். மற்றவர் உடல்நலத்தை இழந்தார். முறையிடத்தக்க வாயில் இருவர்க்கும் இருந்திலது. பெண்ணுக்குப் பெண்ணே இடர் செய்தல் கூடும் என்பதும் பேராதனை நிகழ்ச்சியாற் பெறப்படும்.

அத்தகைய வாயிலை வேண்டி 1977இல் யேல் பல்கலைக்கழக மாணவியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1980இல் மேன்முறையீட்டிலும் அவர்கள் தோற்றனர். ஆயினும், அவ்வழக்கின் விளைவாக யேல் முறைப்பாடு கேட்கும் ஒழுங்கொன்றை வகுத்தது. ஏனைய பல்கலைக்கழகங்களும் அவ்வழியிற் சென்றன. தீர்ப்பிலே தோற்றவர் நோக்கத்திலே வென்றனர் எனலாம்.

நமது நாட்டில், 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவைத் திருத்திப் பாலியல் தொல்லையைத் தனிக்குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை அதற்குரிய தண்டம். அதிகாரத்தில் உள்ளவர் பணியிடத்திலோ பிறவிடத்திலோ விரும்பத்தகாதவாறு நெருங்குதலும் அக்குற்றமே என அச்சட்டம் விளக்குகின்றது. ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி எவரும் அதன்கீழ்க் காப்புப் பெறலாம். 1997இற் பேராதனைப் பொறியியல் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிர் நீத்தமை நாட்டை உலுக்கியது. அதன்பின் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதையின்போது பாலியல் தொல்லை செய்தவர்க்குப் பத்தாண்டு வரை சிறையுண்டு. குற்றவாளி மாணவராயின் நிறுவனத்தினின்றும் நீக்கவும், பணியாளராயின் பதவி நீக்கவும் நீதிமன்று கட்டளையிடலாம். தீங்குற்றவர் வெளியேறும் பழைய வழக்கத்தை மாற்றித் தீங்கு செய்தவரை வெளியேற்றும் விதி இது. எனினும், சட்டம் ஓர் உயிரின் பின்னரே வந்தது என்பதை மறத்தல் ஆகாது.

அயல்நாடாகிய இந்தியாவிலும் இதுவே வரலாறு. இராசஸ்தானத்திற் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற சமூகப் பணியாளர் பன்வாரி தேவி 1992இற் பெருங்கொடுமைக்கு ஆளானார். அதன்வழி எழுந்த விசாகா வழக்கிலே, 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம், பணியிடந்தோறும் பெண்ணொருவரைத் தலைவராகவும், பெண்களைப் பாதிக்குக் குறையாத உறுப்பினராகவும், வெளியார் ஒருவரையும் கொண்ட முறைப்பாட்டுக் குழு வேண்டுமெனப் பணித்தது. 2013இல் அது சட்டமாயிற்று. விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடித்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

2024 டிசெம்பரிற் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துள் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் துணிந்து முறையிட்டார். ஆனால், அவரை இனங்காட்டும் விவரங்கள் பொலிஸ் அறிக்கையினின்றும் கசிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் இருபத்தைந்து இலட்சம் ரூபா இடைக்கால இழப்பீடு வழங்கவும், அவரிடம் கட்டணம் பெறாது படிப்பைத் தொடரச் செய்யவும் ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 யூனில் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. ஆறு மாதத்துள் தீர்ப்புக் கிடைத்தமை நன்று. அதனினும் நன்று, அவர் படிப்பு நின்றுவிடலாகாது என்று நீதிமன்றம் கருதியமை.

படிப்பு நின்றுவிடுமோ என்னும் அச்சமே தீவகத்துப் பெண்பிள்ளையின் வாயை அடைப்பது. 2015 மே 13இற் பாடசாலைக்குப் புறப்பட்ட புங்குடுதீவு மாணவி கொடியோராற் கொல்லப்பட்டதை இப்பகுதியார் எவரும் மறவார். 2017 செப்டெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கூடிய மன்று எழுவர்க்கு மரணதண்டனை விதித்தது. இத்தகைய செய்தியைக் கேட்ட பெற்றோர், மகளை வீட்டிலிருத்துவோமோ என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் அன்பிற் பிறந்ததே. ஆயினும், அதனை அறிந்த மகள், பல்கலைக்கழகத்திற் சிறு தொல்லை நேரினும் வீட்டிற்குச் சொல்லாள். சொன்னால் அடுத்த வள்ளத்திலேயே அழைத்து வந்துவிடுவர் என அஞ்சுவாள். அவள் மௌனத்தைத் தீங்கு செய்வோன் தனக்குரிய காப்பாகக் கொள்வான். சிறு தொல்லை பெருந்தொல்லையாக வளர்வது இவ்வாறே.

ஆதலின், செய்யத்தக்கவை சில உள. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பாலின ஒப்புரவுக்கும் சமத்துவத்துக்குமென ஒரு நிலையத்தை அமைத்துள்ளது. அதன் நோக்கம் ஒவ்வொரு பீடத்திலும் செயலாதல் வேண்டும். முறைப்பாட்டை ஏற்பவர் யார், அவரை எங்கே காணலாம் என்பன புதுமுக மாணவர்க்கு முதல் வாரத்திலேயே தமிழில் அறிவிக்கப்படுதல் வேண்டும். முறையிட்டவர் பெயர் காக்கப்படுதல் வேண்டும். விசாரணை முடியுங்காறும் வகுப்பையோ விடுதியையோ மாற்ற நேரின், முறையிட்டவரின் விருப்பமின்றி அவரை மாற்றலாகாது. குற்றஞ் சாட்டப்பட்டவர் விரிவுரையாளராயின் அம்மாணவியின் விடைத்தாளை அவர் திருத்தலாகாது. அவர் தரப்பையும் செவ்வனே கேட்டு, குறித்த நாளுள் முடிவு கூறல் வேண்டும். நீதி இருபாலார்க்கும் பொதுவன்றோ?

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. உயர்தர வகுப்பு மாணவர்க்கு இச்சட்டங்களைப் பாடசாலையிலேயே எடுத்துரைத்தல் வேண்டும். பெண்பிள்ளைக்கு அடக்கத்தைப் போதிக்கும் நாம், ஆண்பிள்ளைக்கு அதனினும் மிகுதியாக அடக்கத்தைப் போதித்தல் வேண்டும். தத்தம் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பும் பழைய மாணவர், ஊர்விட்டுச் சென்று கற்கும் பிள்ளைக்கு நம்பத்தக்க ஒரு மூத்தோராக நிற்றலும் அதற்கொப்ப அறமே. பெற்றோர், “என்ன நேரினும் எம்மிடம் சொல்; உன் படிப்பு நில்லாது” என்னும் உறுதியை மகள் வள்ளம் ஏறுமுன் கொடுத்தல் வேண்டும்.

மணிமேகலையைக் காக்கத் தெய்வம் அவளைத் தீவிற்குக் கொண்டுவந்தது. தீவிலிருந்து செல்லும் நம் மகளிரைக் காக்க, அவர்கள் சென்ற இடத்திலேயே அறம் நிலைபெறச் செய்தல் நம் கடன்.