முளைகட்டிய கேழ்வரகும் புட்டிப் பொடியும்

கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை தலைகாட்டும். அதை நிழலில் உலர்த்தி, வாசம் கிளம்பும் வரை இளஞ்சூட்டில் வறுத்து, திரித்து, துணியில் சலித்து எடுத்த மாவில் கஞ்சி காய்ச்சிப் பல் முளைக்கும் பிள்ளைக்கு ஊட்டுவது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நெடுநாள் வழக்கம். ஊறிய கேழ்வரகை அரைத்து, துணியில் பால் பிழிந்து, கைவிடாமல் கிளறிக் கூழாக்குவது இன்னொரு முறை. கேரளத்தில் உலர்த்திய வாழைக்காய்ப் பொடிக்கும் இதே இடம் உண்டு. இவற்றையெல்லாம் பாட்டி காலத்துப் பழக்கம் என்று அன்போடு ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் முளைகட்டுவது தேர்ந்த ஒரு தொழில்நுட்பம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த குழந்தை உணவுத் தொழிலின் ஒரு பெரிய கிளை இதே நுட்பத்தின் மேல்தான் நின்றது.

தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கும் வயதில் பிள்ளையின் வயிறு சிறியது, தேவையோ பெரியது. சாதாரண மாவைக் காய்ச்சினால் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக் களியாகிவிடும். பிள்ளை விழுங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றி நெகிழ்த்தினால், கிண்ணம் நிறைந்திருக்கும். அதில் சத்து இருக்காது. தானியம் முளைவிடும்போது அதற்குள் அமிலேஸ் என்னும் நொதி பெருகி, கஞ்சி காயும்போது மாவுச்சத்தை வெட்டி நெகிழவைக்கிறது. அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்த்தாலும் கஞ்சி குடிக்கும் பதத்திலேயே இருக்கிறது. முளைவிடுவதால், இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பைட்டிக் அமிலமும் குறைகிறது. அதனால் தானியத்தின் இரும்பை உடல் எடுத்துக்கொள்வது எளிதாகிறது.

ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக் 1865-இல் வெளியிட்ட குழந்தைச் சூப்பின் செய்முறையைப் பாருங்கள்: கோதுமை மாவு, பசும்பால், சிறிது பொட்டாசியம் பைகார்பனேட், இவற்றோடு முளைகட்டிய பார்லி மாவு. அதைத் தாய்மார் வீட்டிலேயே காய்ச்சலாம் என்றுதான் அவர் எழுதினார். பக்குவம் பிசகாமல் காய்ச்சுவது கடினம் என்ற குறை எழுந்தது. விரைவில் அது பொடியாகிக் கடைக்கு வந்தது. 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சர்க்கரையும் சேர்த்த தன் மாவை விற்கத் தொடங்கினார். லீபிக் வகை உணவைத் தயாரித்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்லிக், தம்பி வில்லியமுடன் 1873-இல் அமெரிக்காவில் தொழில் தொடங்கினார். அவர்கள் விற்ற மால்ட் பொருள், அதாவது முளைகட்டிய தானியத்தால் ஆன பொடி, முதலில் குழந்தைகளுக்கானது. பிற்காலத்தில் நம் வீட்டு அலமாரிகளில் பெருமையோடு நின்ற புட்டிக்குள் இருந்தது முளைகட்டிய பார்லி. கேழ்வரகு ஏழைத் தானியம் என்று பெயரெடுத்ததால்தான், அடுப்படியில் கிடந்த அதே நுட்பம் நம் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கஞ்சி அவ்வளவு நல்லதென்றால் அந்நாளில் ஏன் அத்தனை குழந்தைகள் இறந்தன என்று கேட்பது நியாயம். பெரும்பாலும் அவர்களைக் கொண்டுபோனவை கெட்ட தண்ணீர், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பஞ்சம். கடைப்பொருளும் அவற்றைத் தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டப்பாப்பால் புகட்டுவதைக் கொலை என்றே சாடி, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூரில் பேசினார். அதற்காகப் பழைய முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல். அதில் பெரும்பங்கு தோலில் இருக்கிறது. அழுத்திச் சலிக்கும்போதும் பால் பிழியும்போதும் அதில் ஒரு பகுதி போய்விடும். கருப்பட்டியைத் தாராளமாகக் கரைத்ததும் சரியல்ல. தானியம் மட்டும் போதாது, பருப்பும் சேர வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்தது. முளைகட்டிய கேழ்வரகோடு பச்சைப்பயறு சேர்த்து, காய்ச்சினாலும் கெட்டியாகாத குழந்தை மாவை அவர்கள் வடிவமைத்தார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது: ஊறவைக்கவும் உலர்த்தவும் இன்றைய தாய்க்கு நேரம் ஏது? நேரம் அன்றும் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்ணின் பிள்ளைக்கு வீட்டில் கஞ்சி காய்ச்சியது கிழவியோ மூத்த பெண்பிள்ளையோதான். அந்த உழைப்புக்குக் கூலி இல்லாததால் அது கணக்கிலும் வரவில்லை. வீட்டு உணவு சிறந்தது என்று சொல்லிவிட்டு வேலை முழுவதையும் தாய் தலையில் கட்டினால் அவள் டப்பாவைத்தான் தேடுவாள். அவளைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் சுமார் 90 நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். பல ஊர்களில் அந்த உருண்டைக்கான மாவை உள்ளூர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தயாரித்தார்கள்.