மின்னொளியும் கணினி மாளிகையும்

நம் ஸ்ரீவராகத்தில் அந்தி விளக்கு ஒளிர்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் அமைத்த அனல் மின்நிலையமே இந்நகரத்துக்கு முதலில் ஒளி தந்தது. 1940-இல், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. 1976-இல் தொடங்கிய இடுக்கி நிலையம் இன்று 780 மெகாவாட் திறனுடையது.

இம்மின்சாரத்தை நாடிப் புதிய விருந்தாளி வந்துள்ளது. 1990-இல் கழக்கூட்டத்தருகே டெக்னோபார்க் தோன்றியது; கணினிகளை அடுக்கடுக்காக நிறுவிய தரவு மையங்களும் பின்னர் வந்தன. இருப்புப்பாதை ஊழியராகிய நாம் வழங்கும் முன்பதிவுச் சீட்டும் சென்னையிலுள்ள அத்தகைய மையத்தின் வழியே வருவதுதான். வீட்டு விளக்கை அணைக்கலாம். தரவு மையத்தை அணைத்தலாகாது.

கணினி உண்ணும் மின்சாரம் வெப்பமாகிறது. அதைத் தணிக்கவும் மின்சாரம் வேண்டும். கணினிக்கு 1 யூனிட் தருவதற்கு மொத்தம் 2 யூனிட் செலவிடும் மையங்கள் உண்டு, 1.2 யூனிட்டில் முடிக்கும் சிறந்த மையங்களும் உண்டு.

கேரளத்தின் மின்தேவை உச்சமடைவது விளக்கேற்றிய பின்னரே. சில நிமிடங்களில் முடுக்கத்தக்க நீர்மின் இயந்திரங்கள் அவ்வேளையில் பேருதவி புரிகின்றன. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புடன் இணைந்தமையால் வெளி மின்சாரமும் எளிதில் வருகிறது. ஆயினும் உச்சவேளை மின்சாரம் விலை மிக்கது. மழை பொய்ப்பின் அணையும் வற்றும்.

ஆதலின், காத்திருக்கத்தக்க கணக்குகளை நண்பகல் வெயில் மின்சாரத்துக்கு ஒதுக்குதலும், குளிரூட்டலில் சிக்கனம் பேணுதலும் அணைநீரைக் காப்பதற்கு ஒப்பாகும். அறிவுத்தொழில் வளர்க, அதனால் ஏழையின் விளக்கு மங்காதிருக்க!