முறிவுக்கு எத்தனை பெயர்!

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத் தோப்புகளில் மாமரம் ஏறியவர் தவறி விழுந்துவிட்டால், "பிசகியிருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எளிய கேள்விதான், ஆனால் அதில் மருத்துவ நுட்பம் உண்டு. பிசகுவது மூட்டு; ஒடிவது எலும்பு. சுசுருத சங்கிதையும் இப்படித்தான் பிரிக்கிறது. மூட்டு விலகல் 6 வகை, எலும்பு முறிவு 12 வகை என்று எண்ணிப் பெயரும் இடுகிறது. 'கர்க்கடகம்' என்றால் நண்டு. 'அசுவகர்ணம்' குதிரைக் காது. 'சூரணிதம்' பொடியாக நொறுங்கியது. எக்ஸ் கதிர் 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்பட்ட உருவமே பெயராயிற்று.

மேனாட்டு அறுவை மருத்துவம் தமிழுக்கு வந்த கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. தமிழ்ச் சொல் கிடைத்தால் அதையே கொள்வது, இல்லாவிடில் வடசொல், அதுவும் இல்லாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. இன்று கலைச்சொல் ஆக்குவோருக்கும் இது நல்ல வழியே.

ஆனால் எல்லாச் சொல்லும் அப்படி நேராக அமைந்துவிடவில்லை. முதலுதவிப் பாடத்தில் 'கூட்டு முறிவு' என்று படித்திருப்பீர்கள். எலும்பு பல துண்டாவதுதான் அது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. முறிவோடு, எலும்புவரை செல்லும் புண்ணும் கூடியிருப்பதே 'காம்பவுண்ட்' முறிவு. எலும்பு ஒரே இடத்தில் முறிந்திருந்தாலும் புண் இருந்தால் அது கூட்டு முறிவு. பத்துத் துண்டானாலும் தோல் கிழியாவிட்டால் அல்ல. ஆகவே 'திறந்த முறிவு' என்ற இக்காலப் பெயரே மேல்.

பெயர்ச் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் புண் வழியே கிருமிகள் எலும்பைச் சென்றடைகின்றன. ஒரு காலத்தில் இத்தகைய முறிவு என்றால் காலை வெட்டுவதே வழக்கம். அப்படியும் பலர் மாண்டனர். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறியதால் கால் எலும்பு முறிந்து, புண்ணோடு வந்தான் 11 வயதுச் சிறுவன் ஒருவன். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் புண்ணை மூடினார். சீழ் பிடிக்கவில்லை, ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. இந்த முடிவுகளை அவர் வெளியிட்டதும் 1867இல்தான். இன்றும் திறந்த முறிவுக்கு முதல் வேலை, எலும்பை உள்ளே தள்ளாமல் தூய துணியால் மூடி, அசையாமல் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோவது.

மிகப் பொருத்தமாக அமைந்த சொல் 'பசுங்கொம்பு முறிவு'. கரிசல் காட்டில் காய்ந்த பருத்திமாரை வளைத்துப் பாருங்கள், படக்கென்று ஒடியும். பச்சைக் கொம்போ ஒரு பக்கம் நார் பிரிந்து, மறுபக்கம் வளைந்து நிற்கும். குழந்தைகளின் எலும்பு வளையும் தன்மை உடையது. அதைப் போர்த்திய சவ்வும் தடிப்பானது. ஆகவே அதுவும் பச்சைக் கொம்பைப்போல் ஒரு பக்கம் மட்டுமே முறிகிறது. கை அதிகம் கோணாமலும் இருக்கலாம். வலியையும் சிறு வீக்கத்தையும் தவிர வேறு அடையாளம் இல்லாமலும் போகலாம். 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது சில வேளை இந்த முறிவாகவும் இருக்கலாம்.