வேட்டை இல்லாத ஐம்பது வாரங்கள்

முள்ளம்பன்றிக்கு உப்பென்றால் உயிர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வடக்குக் காடுகளில், மான் வேட்டைக்காரர்கள் கட்டிவைத்திருக்கும் மரக்குடில்களை அது தேடி வருவது அதற்காகத்தான். கைவியர்வை ஊறிய கோடரிப் பிடி, கழிப்பறையில் உட்காரும் பலகை, பசை போட்டு ஒட்டிய பிளைவுட் கதவு என எதையும் விட்டுவைக்காமல் கொறித்துத் தள்ளிவிடும். பழைய குடில்கள் பலவற்றில் அடிச்சுவரைச் சுற்றித் தகரம் அடித்திருப்பது இந்தப் பல்லுக்குப் பயந்துதான். பனி உருகியபின் முதலில் வந்து சேர்கிறவர், பூட்டைத் திறப்பதற்கு முன்பே குடிலை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே கொறித்திருக்கிறது என்று பார்த்துவிடுவார்.

இந்தக் குடில்களை அந்த ஊர்க்காரர்கள் ‘கேம்ப்’ என்கிறார்கள். துப்பாக்கியோடு மானைத் தேடிப் போகும் முக்கியப் பருவம் வருடத்தில் இரண்டு வாரம்தான். மீதி ஐம்பது வாரம் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான், கேம்ப் என்ற ஏற்பாடு நூறு வருடத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது விளங்கும்.

இதன் தொடக்கம் ஒரு பேரழிவு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரக் கம்பெனிகள் இந்த மலைகளை மொட்டையடித்தன. ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் பட்டை தோல் பதனிட வேண்டியிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஆவாரம்பட்டைக்கு இருந்த மவுசு அங்கே அதற்கு இருந்தது. வெட்டிப்போட்ட கிளைகளில் தீப்பிடித்து, மிச்சமிருந்ததும் எரிந்தது. ‘பென்சில்வேனியா பாலைவனம்’ என்று மக்கள் சொல்லும் அளவுக்கு நிலம் கருகிக் கிடந்தது. மானும் ஏறக்குறைய அற்றுப்போனது.

அப்போதுதான் அரசு விழித்துக்கொண்டது. 1895இல் வேட்டை ஆணையம் அமைந்தது. வன ஆர்வலர் டாக்டர் ஜோசப் ராத்ராக் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, கம்பெனிகள் கைவிட்டுப்போன நிலத்தை 1898 முதல் மாநிலமே விலைக்கு வாங்கியது. 1906இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மறு வருடமே, கொம்புள்ள ஆண்மானை மட்டும்தான் சுடலாம் என்று சட்டம் வந்தது. வெட்டுப்பட்ட காட்டில் செர்ரியும் மேப்பிளும் மான் வாய்க்கு எட்டும் உயரத்தில் துளிர்த்திருந்தன. தின்னத் தீனி, பெட்டைக்குக் காவல்: மான் மளமளவென்று பெருகியது.

1913இல் வந்த இன்னொரு சட்டம் இந்தக் கதைக்கு மிக முக்கியம். அரசுக் காட்டில் கேம்ப் கட்டிக்கொள்ளத் துண்டு நிலத்தைக் குறைந்த வாடகைக்குக் குத்தகை விட அது வழிசெய்தது. சொந்தமாகக் காணி நிலம் வாங்க வக்கில்லாத இரும்பாலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் நாலைந்து பேராகச் சேர்ந்து காசு போட்டுக் குடில் கட்டினார்கள். மரம் இழுத்த ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த தடம் அவர்களுக்குப் பாதையானது. குத்தகைக்கு ஒரு நிபந்தனை உண்டு: அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. பல கேம்ப்கள் இன்றும் விறகடுப்பு, கைப்பம்பு, வெளிக்கழிப்பறை என்று எளிமையாகவே இருப்பதற்கு இந்த நிபந்தனையும் ஒரு காரணம்.

ஆனால் எளிமையான வீட்டுக்குத்தான் வேலை ஓயாது. பனிக்காலத்தில் குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அதனால் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதே எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். அடுத்து வருகிறவருக்காகப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது பழக்கம். அதை மேலே ஊற்றி அடித்தால்தான் பம்பு பிடிக்கும். எலிக்குப் பயந்து மெத்தைகளை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள், கம்பளிகளைத் தகரப்பெட்டியில் பூட்டுவார்கள். புகைபோக்கியில் படிந்த கீலைச் சுரண்டி எடுக்காவிட்டால் குளிரில் அடுப்பு மூட்டும்போது அதுவே தீப்பிடிக்கும். நவம்பருக்கு வேண்டிய விறகை வசந்தத்திலேயே பிளந்து அடுக்கி, கோடை முழுக்கக் காயவிட வேண்டும். ஓக் கட்டைக்கு ஒரு கோடையும் போதாது.

வேலைக்கு நடுவே கொண்டாட்டமும் உண்டு. ஏப்ரலில் டிரவுட் மீன், மே மாதம் வான்கோழிச் சேவல் வேட்டை (வசந்தத்தில் இதற்கு அனுமதி கிடைத்தது 1968இல்தான்). கிராஸ் ஃபோர்க் என்ற சின்ன ஊரில் தீயணைப்புத் தொண்டர்கள் ஜூன் மாதம் நடத்தும் பாம்பு பிடிக்கும் விழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். ஜூலையில் மலைமேட்டில் காட்டு நீலப்பழம் பறிப்பார்கள். கோடை இரவில் வண்டியில் ஏறி, வயல்வெளியில் டார்ச் அடித்து மான் எண்ணுவது பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. இரவு 11 மணிவரை சட்டமும் அதை அனுமதிக்கிறது, துப்பாக்கி கூடாது என்ற கண்டிப்போடு. நவம்பரில் ஆண்களின் கோட்டையாக இருந்த இடம், மனைவியும் மக்களும் வந்து இறங்கும் கோடையில்தான் குடும்பத்துக்குச் சொந்தமானது.

அந்தப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க உத்தரத்தில் துணித் துண்டுகள் ஆணியடித்துத் தொங்கும். மானைக் குறிதவறியவரின் சட்டைப் பின்பகுதியைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி மாட்டுவது பழைய வழக்கம். தாத்தா சுட்ட மானின் கொம்பு ஒரு பக்கம், தாத்தா கோட்டைவிட்ட மானுக்கான துணி இன்னொரு பக்கம். மேசையில் கிடக்கும் குறிப்பேட்டில் யார் வந்தார்கள், எத்தனை அங்குலம் பனி, யார் சமைத்தது என்று வருடக்கணக்கில் எழுதியிருக்கும். இந்த மலைகளின் சரித்திரத்தில் சாதாரணத் தொழிலாளியின் கையெழுத்து இவ்வளவு தொடர்ச்சியாகக் கிடைக்கும் இடம் வேறு அரிது. இவற்றைப் பத்திரப்படுத்துவது ஆவணக் காப்பகங்களின் வேலையாகவும் ஆக வேண்டும்.

1963 முதல் வேட்டை தொடங்கியது ‘நன்றி தெரிவிக்கும் நாள்’ விருந்துக்கு அடுத்த திங்கட்கிழமை. பல பள்ளிகள் அன்று விடுமுறை விட்டன. முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேம்பில் ஆள் சேரும். சமையல் மணக்கும், மளிகைக் கடையிலும் தீயணைப்பு நிலைய விருந்திலும் கூட்டம் அலைமோதும். 2019இல் வேட்டை ஆணையம் தொடக்க நாளை அந்த முந்தைய சனிக்கிழமைக்கே மாற்றியது. வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு வசதி என்பது அதன் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் சுடாமல் சும்மா கூடியிருந்த அந்த இரண்டு நாள் பறிபோனதே என்று கேம்ப்காரர்கள் கொதித்ததில் அதைவிடக் கூடுதலான நியாயம் இருக்கிறது.

வேட்டைக்காரர்களும் குறைந்துவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் 13 லட்சத்தை எட்டிய உரிமங்கள் பின்னர் 9 லட்சத்துக்கும் கீழே இறங்கின. கேம்ப்களோ நிற்கின்றன: அரசுக் காட்டுக் குத்தகையில் மட்டும் ஏறத்தாழ 4,000. 1970க்குப் பிறகு புதுக் குத்தகை கிடையாது என்பதால், ஒருவர் கைவிட்டால்தான் இன்னொருவருக்குக் கிடைக்கும். அப்படி வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது கூரையையும் ஊற்றையும் புகைபோக்கியையும்தான்.