மார்பக நோயறிதல் முறைகளின் வரலாறு

மார்பகத்தில் தோன்றும் கட்டி புற்றுநோயா, தீங்கற்றதா என்பதை அறிய இன்று ஊடுகதிர்ப் படம், மீயொலிப் படம், ஊசி வழியே எடுக்கப்படும் உயிரணு அல்லது திசு ஆகியவை பயன்படுகின்றன. இம்முறைகள் பரவுவதற்கு முன், அமெரிக்காவில் சந்தேகத்திற்குரிய கட்டியுள்ள பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியின் திசுவை உறையவைத்து உடனே ஆராய்ந்தனர். புற்றுநோய் எனத் தெரிந்தால் அதே மயக்கத்தில் மார்பகம் அகற்றப்பட்டது. கண் விழிக்கும்வரை தன் நிலை என்னவென்று அப்பெண்ணுக்குத் தெரியாது.

ஊடுகதிர்ப் படம்

பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் 1913இல், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை ஊடுகதிரால் படமெடுத்து ஆராய்ந்தார். உயிருள்ள நோயாளிகளை அறுவைக்கு முன் படமெடுத்த முடிவுகளை அமெரிக்கரான ஸ்டாஃபோர்ட் வாரன் 1930இல் வெளியிட்டார். மார்பகத்தை அழுத்திப் படமெடுத்தால் தெளிவு கூடும் என்பதையும், நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் புற்றுநோயின் அடையாளமாகலாம் என்பதையும் உருகுவேயின் ராவுல் லெபோர்ன் வலியுறுத்தினார். ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் 1960இல் 1,000 படங்களின் முடிவுகளை வெளியிட்டபின் இம்முறை பரவலாயிற்று. 1963இல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் மார்பகப் புற்றுநோய் இறப்புகள் குறைவாக இருந்தன.

ஊசி வழி மாதிரி

நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிசும் 1930இல், கட்டிகளிலிருந்து ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி ஆராயும் முறையை விவரித்தனர். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற அச்சத்தால் அங்கு அது பரவவில்லை. பின்னர் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் மெல்லிய ஊசியைக் கொண்டு அதை வளர்த்தெடுத்தனர். கைக்குத் தட்டுப்படாத புள்ளிக்கும் ஊடுகதிர்ப் படத்தின் துணையோடு ஊசியைச் செலுத்தும் கருவியை அவர்கள் 1977இல் விவரித்தனர். உறிஞ்சிய உயிரணுக்களில் திசுவின் அமைப்பு தெரியாது. எனவே புற்றுநோய் அருகிலுள்ள திசுவில் ஊடுருவியதா என்பதை அதனால் உறுதிப்படுத்த இயலாது. இக்குறையைப் போக்க, சிறு திசுத் துண்டையே எடுக்கும் தடித்த ஊசி பயன்பாட்டுக்கு வந்தது.

இரு கட்ட முறை

நோயறிதலையும் அறுவையையும் பிரிக்க வேண்டும் என, தாமே மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க இதழாளர் ரோஸ் குஷ்னர் வாதிட்டார். 1979இல் அவரும் இடம்பெற்ற தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் குழு, பெரும்பாலோருக்கு இரு கட்ட முறையே ஏற்றது எனப் பரிந்துரைத்தது. அறுவைக்கு முன்பே முடிவை அறிந்து சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இது பெண்களுக்கு வழிசெய்தது.