வைத்தியசாலை இடம்பெயர்ந்தபோது ஊழியர் எங்கே படுத்தார்கள்?

வன்னி வைத்தியசாலைகள் எத்தனை தரம் இடம்பெயர்ந்தன எண்டு கேட்டால், அங்கே இருந்த ஆக்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். தருமபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். கட்டிலும் மருந்துப் பெட்டியும் காயக்காரரும் ஏறி இறங்கின கதை எங்களுக்கு ஓரளவு தெரியும். ஏற்றி இறக்கினவர்களின்ர பெண்சாதி பிள்ளைகளும் அதே றோட்டிலதான் மூட்டையோடு நடந்தார்கள் என்பதை நாங்கள் அவ்வளவு எழுதவில்லை.

2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நின்றது. அரச சுகாதார ஊழியர்களிலும் பலர் நின்றார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. ஒரே மாதத்தில், பெப்ரவரி தொடக்கத்தில், சில நாட்களுக்குள் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. நோயாளரோடு ஊழியரும் புதுமாத்தளனுக்குப் போனார்கள்.

மாத்தளனில் வைத்தியசாலை எண்டு இருந்தது ஒரு பள்ளிக்கூடம். மயக்க மருந்து தட்டுப்பாடு, இரத்தம் தட்டுப்பாடு. பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் காயக்காரர், நோயாளர், கூடப்போனவர் எண்டு ஏறத்தாழ 14,000 பேரைத் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றது. நோயாளரைக் கடற்கரைக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் திரும்பி அடுத்த காயக்காரரிடம் வந்தார்கள். கடமை மாற்றம், லீவு என்ற சொற்களுக்கு அங்கே என்ன பொருள் இருந்திருக்கும்?

‘பேர்ன்அவுட்’ என்ற சொல்லை ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் 1974இல் எழுதினபோது அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றின் தொண்டர்கள். நல்ல மனதோடு வந்து களைத்து உதிர்ந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை, சமாளிக்கப்படாமல் நீண்டுபோன வேலைத்தல அழுத்தத்தின் விளைவு எண்டு வரையறுத்தது. வன்னிக்கு இந்த வரையறை பொருந்தவில்லை. வேலைத்தலம் வேறு, வீடு வேறு எண்டு இருந்தால்தானே வேலைத்தல அழுத்தம் எண்டு ஒன்றைப் பிரித்துச் சொல்லலாம்? தறப்பாளுக்குக் கீழே இருந்த தாதியின்ர தாய், அதே தாதியிடமே காயக்காரியாக வரக்கூடிய நிலமை அது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதும்போது தனிமனிதரின் மனவடுவை மட்டும் பார்க்காமல் ‘கூட்டு மனவடு’ எண்டு பேசுவது இதனால்தான் எண்டு நினைக்கிறேன். பராமரிப்பவரும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தார்.

வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரின் பெயர்களை உலகம் அறியும். முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது ஓய்வோ சிகிச்சையோ இல்லை, தடுப்புக்காவல். 2009 ஜூலை 8இல் ஐந்து வைத்தியர்கள் காவலில் இருந்தபடியே கொழும்பில் ஊடகங்கள் முன் இருத்தப்பட்டார்கள். முன்பு தாங்கள் கொடுத்த உயிரிழப்புக் கணக்குகள் மிகை எண்டு சொன்னார்கள். ஓகஸ்டில் பிணை கிடைத்தது. மாதக்கணக்கில் ஷெல்லுக்குள் வேலை செய்தவருக்கு எந்த நாட்டுச் சுகாதாரச் சேவை இப்படி வரவேற்புக் கொடுக்கும், சொல்லுங்கோ.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், வன்னியின் எல்லா வைத்தியசாலைகளும் ஷெல் தாக்குதலுக்கு உள்ளாகின எண்டு எழுதியது. இப்படியான அறிக்கைகளில் வைத்தியருக்குப் பெயர் உண்டு. மருத்துவிச்சி, சாரதி, சிற்றூழியர், தொண்டர் பெரும்பாலும் ‘ஊழியர்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அவர்களில் அப்ப முப்பது வயதில் நின்றவர்கள் இப்ப நடுவயதில் நிற்கிறார்கள். வாய்மொழி வரலாறு சேகரிக்கிற எங்கட ஆக்கள் அவர்களிடம் போனால், எத்தனை பேர் செத்தார்கள் எண்டு தொடங்க வேண்டாம். அதை அவர்களிடம் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். இரவில் எங்கே படுத்தீர்கள், யார் கஞ்சி காய்ச்சினது, பிள்ளையை யார் பார்த்தது எண்டு கேளுங்கோ.